பழுக்கும் வரை காத்திருக்கச் சொன்ன வெடிமருந்துக்காரர்

பாரிஸின் ஒன்பதாம் வட்டாரத்தில் ஷப்தால் வீதி என்று ஒரு சின்ன வீதி இருக்கிறது. என் மாமா பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்த புதிதில் அந்தப் பக்கம்தான் வீடு வீடாக விளம்பரத்தாள் போட்டுத் திரிந்தவர். விசா இல்லை, மொழியும் தெரியாது. வீதிப் பெயர்ப் பலகைகளைப் பார்த்துத்தான் பிரெஞ்சு எழுத்துக் கூட்டப் பழகினதாகச் சொல்லுவார். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் அந்த வீதியால் போனவர், பலகையைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, இந்த மனிதர் யாரென்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். ஊடகம் படித்த எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தேடினேன். ஜோன் அந்துவான் ஷப்தால், 1756இல் பிறந்து 1832இல் இறந்தவர். இரசாயன அறிஞர், வெடிமருந்துத் தொழிற்சாலைப் பொறுப்பாளர், நெப்போலியனின் உள்நாட்டலுவல்கள் அமைச்சர். இவற்றுக்கிடையில் திராட்சை எப்போது பழுக்கிறது, பழுக்காவிட்டால் என்ன செய்யலாம் என்றும் ஒரு நூல் எழுதியிருக்கிறார். வாசித்துக்கொண்டு போனபோது எனக்கு எங்கள் வீட்டு முந்திரிகைப் பந்தல் நினைவுக்கு வந்தது.

வலிகாமத்தில் எங்கள் வளவுக்குள் ஒரு பந்தல் இருந்தது. பெரிய தோட்டம் இல்லை, நாலு சீமெந்துத் தூணும் கம்பியும்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு எல்லாரும் வெளிக்கிட வேண்டும் என்று அறிவித்தபோது கொடியில் குலைகள் இருந்தன. நிறம் மாறத் தொடங்கியிருந்தது, பழுக்கவில்லை. அம்மம்மா அரிக்கன் லாம்பைப் பிடித்துக்கொண்டு, கைக்கெட்டிய குலைகளையெல்லாம் வெட்டி ஒரு உரப்பைக்குள் போட்டார். விட்டுவிட்டுப் போனால் ஆருக்கு என்பது அவருடைய கேள்வி. செம்மணி வெளியில் சனத்துக்குள் நசிந்து, நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொடிகாமம் போய்ச் சேர்ந்தபோது பாதி சிதைந்து போயிருந்தது. மிச்சத்தை நாங்கள் தின்றோம். எனக்கு ஆறு வயது. அந்தப் புளிப்பை நினைத்தால் இப்போதும் பல் கூசுகிறது.

ஒரு பழத்தை நேரத்தோடு ஆய்கிறவர் எல்லோரும் அறியாமையால் அப்படிச் செய்வதில்லை. ஷப்தாலின் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

அவர் பிறந்தது தென் பிரான்சில் மொந்த் நகருக்குப் பக்கத்தில், நொஜரே என்ற மலைக் கிராமத்தில். மொண்ட்பெலியே நகரில் பெயரும் பணமும் உள்ள வைத்தியராக இருந்த பெரியதந்தை ஒருவர் படிப்பித்தார். மருத்துவம் முடித்தும் மனம் இரசாயனத்தில் நின்றது. 1780இல் மொண்ட்பெலியேயில் அந்தத் துறைக்குப் பேராசிரியரானார். பெரியதந்தையின் பணத்தில் சல்பூரிக்கமிலமும் படிகாரமும் செய்யும் தொழிற்சாலையும் போட்டார். 1790இல் வெளிவந்த அவருடைய பாடநூலில்தான் நைதரசன் என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பெயர் முதன்முதலில் வருகிறது.

மொண்ட்பெலியே இருக்கும் லங்குடொக் பிரதேசம் முழுக்கத் திராட்சைக் காடு. அங்கே இருந்துகொண்டு வைனைப் பற்றி யோசிக்காமல் ஒரு இரசாயன அறிஞரால் இருக்க முடியாது. ஆனால் அதற்கு முன் புரட்சி வந்தது.

1793இல் பாரிஸின் மத்திய அரசை எதிர்த்து மாகாணங்கள் கிளம்பியபோது ஷப்தால் மாகாணத்தின் பக்கம் நின்றார். பிடித்து அடைத்தார்கள். அந்த நாட்களில் அப்படி அடைபட்டவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அவரைக் காப்பாற்றியது வெடிமருந்து. பிரான்ஸ் சுற்றிவரப் பல நாடுகளோடு யுத்தத்தில் இருந்தது. வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு முன்பு இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. கடலைப் பிரித்தானியக் கடற்படை மறித்துவிட்டது. ஆகவே வீட்டு நிலவறைகளிலும் தொழுவங்களிலும் உள்ள மண்ணைக் கழுவி வெடியுப்பு எடுக்கச் சொல்லி மக்களுக்குக் கட்டளை பிறந்தது. அந்த உப்பைச் சுத்தமாக்கி வெடிமருந்தாக்கத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். சிறையிலிருந்து வந்தவரைப் பாரிஸுக்குக் கூப்பிட்டு, கிரெனெல் என்ற இடத்து வெடிமருந்துத் தொழிற்சாலையை ஒப்படைத்தார்கள்.

அவருக்கு முன்னோடியான லவோசியேயும் ஒரு காலத்தில் அரச வெடிமருந்து நிர்வாகத்தில் இருந்தவர்தான். அவரை 1794 மே 8ஆம் திகதி கில்லட்டினில் வெட்டினார்கள். ஒரே துறையில் ஒருவர் தலையை இழந்தார், மற்றவர் வேலைக்கு வேண்டியவர் என்பதால் பிழைத்தார். அந்த ஒகஸ்ட் 31ஆம் திகதி கிரெனெல் தொழிற்சாலை வெடித்துச் சிதறியது. பல நூறு தொழிலாளர் இறந்தார்கள். வேகம், வேகம் என்று முடுக்கி நடத்தப்பட்ட தொழிற்சாலை அது. ஷப்தாலின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்து அமைச்சர் பதவிக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. வெடிமருந்துக் கிடங்கு வெடிப்பது எப்படிக் கேட்கும் என்பது எங்களில் பலருக்குத் தெரியும்.

அதன் பின் அவர் மொண்ட்பெலியேக்குத் திரும்பி மருத்துவக் கல்லூரியைத் திருத்தி அமைக்க உதவினார். சில வருடத்தில் மீண்டும் பாரிஸ். 1801இல் அமைச்சரானார். அதே ஆண்டில்தான் திராட்சைச் செய்கையும் வைன் செய்யும் கலையும் பற்றிய நூல், வேறு அறிஞர்களின் பகுதிகளோடு சேர்ந்து வெளிவந்தது.

வைனைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவதற்குச் சிலர் முகம் சுளிக்கக்கூடும். எங்கள் ஊர்களில் குடி செய்யும் நாசத்தைப் பற்றி நானே பல தடவை எழுதியிருக்கிறேன். ஆனால் பிரான்சின் கமக்காரர் பலருக்கு அது வயிற்றுப்பாடு. அந்தத் தொழில் ஏன் கெட்டது என்பதுதான் ஷப்தாலின் கவலை.

கெட்டதற்கு ஒரு காரணம் விடுதலை என்றால் விநோதமாக இருக்கும். முன்பு பல ஊர்களில் அறுவடைத் திகதியைப் பிரபு அல்லது ஊர் அதிகாரம் தீர்மானித்து அறிவிக்கும். அதற்கு முன் யாரும் தன் சொந்தக் கொடியில்கூடக் கைவைக்கக் கூடாது. புரட்சியின் பின், 1791ஆம் ஆண்டின் கிராமியச் சட்டம் அறுவடையைச் சொந்தக்காரரின் விருப்பத்துக்கு விட்டது. வழக்கம் நிலவிய இடங்களில் மட்டும் ஊர்ச்சபை திகதி குறிக்கலாம். பிரபுவின் அதிகாரம் போனது நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய கட்டுப்பாட்டுக்குள் ஒரு பாதுகாப்பும் இருந்தது. பக்கத்துத் தோட்டக்காரன் முந்தி அறுத்துவிட்டால், மிச்சம் பொறுக்க வருகிறவர்களும் மாடுகளும் கள்வரும் நின்று பழுக்கிற தோட்டத்துக்குள் இறங்குவார்கள். ஒருவன் அவசரப்பட்டால் எல்லாரும் அவசரப்பட வேண்டும். அதோடு யுத்தம். இளைஞர்கள் படையில், நாணயத்துக்கு மதிப்பில்லை. இன்றைக்குக் கிடைக்கிற காசு நாளைக்கும் கிடைக்குமென்று யார் நம்பிக் காத்திருப்பது?

பழுக்காத திராட்சையில் அப்படி என்ன குறை? பூத்ததிலிருந்து பழம் முற்றுவதற்குப் பிரான்சில் ஏறத்தாழ நூறு நாள் எடுக்கும். முதல் பாதியில் காய் பச்சையாய், கல்லுப்போல இருக்கும். உள்ளே புளிப்புத்தான் சேரும். பிறகு ஒரு கட்டத்தில் காய் நெகிழ்ந்து நிறம் மாறத் தொடங்கும். அந்த நேரத்திலிருந்து இலைகளில் உண்டான சீனி காய்க்குள் வேகமாக இறங்குகிறது. புளிப்பு குறைகிறது. புளிப்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று பச்சை அப்பிளில் இருக்கும் மலிக் அமிலம். இதைப் பழம் தன் சுவாசத்திலேயே எரித்துக் குறைத்துக்கொள்ளும், வெயில் கூடினால் இன்னும் வேகமாக. மற்றது எங்கள் புளியம்பழத்தில் இருக்கும் தாத்தாரிக் அமிலம். அது அவ்வளவாகக் குறையாமல் நிற்கும். கறுப்புத் திராட்சையின் தோலில் சாயம் ஏறுவதும், விதை பச்சையிலிருந்து கபில நிறமாகிக் கசப்பு அடங்குவதும் இந்தக் காலத்தில்தான்.

வைனுக்கு இதில் எல்லாமே கணக்கு. நொதிக்கும்போது சீனி மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகிறது என்பதை லவோசியே நிறுத்துக் காட்டியிருந்தார். இன்றைய கணக்கில் ஒரு லீற்றர் சாற்றில் சுமார் 17 கிராம் சீனி இருந்தால் ஒரு சதவீத மதுசாரம் வரும். 200 கிராம் இருந்தால் பன்னிரண்டுக்குக் கிட்ட. அவசரத்தில் ஆய்ந்த பழத்தில் 140, 150 கிராம்தான் இருக்குமென்றால் வருவது எட்டு ஒன்பதுதான். புளிப்பும் பச்சை நெடியும் தூக்கலாக இருக்கும். மதுசாரம் குறைந்த வைன் சீக்கிரம் காடியாகிவிடும். பழைய காலத்துச் சில வியாபாரிகள் அந்தப் புளிப்பை மறைக்க ஈயச் சேர்வை கலப்பார்கள். அது இனிக்கும், குடிப்பவரை மெல்ல மெல்லக் கொல்லும்.

ஷப்தாலிடம் சீனியளக்கும் நவீனக் கருவிகள் இருக்கவில்லை. அவர் சொன்ன அடையாளங்கள் எந்தக் கமக்காரரும் கண்ணாலும் கையாலும் பார்க்கக்கூடியவை. குலையின் காம்பு பச்சை மாறிக் கபில நிறமாக வேண்டும். குலை பாரத்தில் தொங்க வேண்டும். பழம் நெகிழ்ந்து தோல் மெல்லியதாக வேண்டும். இழுத்தால் காம்பிலிருந்து இலகுவாகக் கழல வேண்டும். சாறு இனித்து விரலில் ஒட்ட வேண்டும். விதையைச் சுற்றிப் பசைபோல எதுவும் இருக்கக் கூடாது. இவற்றிற் பல அவருக்கு இரண்டு நூற்றாண்டுக்கு முன்பிருந்தே பிரெஞ்சுக் கமக்காரர் அறிந்தவை. இரசாயனப் பேராசிரியர் ஒருவர் அவற்றை ஒதுக்காமல், ஒவ்வொன்றும் உள்ளே நடக்கும் மாற்றத்தின் வெளி அடையாளம் என்று எடுத்து எழுதியது எனக்குப் பிடித்திருந்தது. பனி காய்ந்த பின், வெயில் ஏறிய பிறகு ஆயச் சொன்னார். ஷம்பாஞ் பிரதேசம் மட்டும் விதிவிலக்கு, அங்கே விடியவே ஆய்வார்கள்.

என் மாமா ஷம்பாஞ்சில் இரண்டு பருவம் குலை வெட்டப் போனவர். முதுகு முறியும் வேலை. குனிந்தால் நிமிர ஏலாது. அங்கே இப்போதும் கையால்தான் வெட்ட வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு ஊருக்கும் வெட்டத் தொடங்கும் திகதியையும் பழத்தைச் சோதித்து அறிவிப்பார்கள். முதல் வருடம் திகதி வராமல் மூன்று நாள் கொட்டிலில் சும்மா இருந்தார்களாம். சம்பளமில்லாத மூன்று நாள். கொடியில் பழம் கறுத்துப்போய் நிற்கிறது, ஏன் இவங்கள் வெட்ட விடுகிறாங்கள் இல்லை என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை.

காத்திருந்தும் பழுக்காத ஆண்டுகள் உண்டு. குளிர் முந்திவிடும், மழை பிடித்துவிடும். வடக்குப் பிரான்சில் அது அடிக்கடி நடக்கும். அதற்குத்தான் ஷப்தால் ஒரு மருந்து சொன்னார். பழம் தானாகச் சேர்த்திருக்க வேண்டிய சீனியில் குறைந்ததை, நொதிக்கத் தொடங்கும் சாற்றில் கரைத்து விடலாம். இது அவர் கண்டுபிடித்ததல்ல. மக்கேர் என்ற பாரிஸ் இரசாயன அறிஞர் 1776இலேயே பழுக்காத திராட்சைச் சாற்றுக்குச் சீனி சேர்த்து நல்ல வைன் எடுத்துக் காட்டியிருந்தார். ஷப்தால் அதற்கு விளக்கமும் அரசாங்கத்தின் செல்வாக்கும் கொடுத்தார். அவருடைய கருத்துகளைச் சுருக்கிக் கமக்காரருக்கு எளிய கைநூலும் வந்தது. இன்றுவரை அந்த முறைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நொதித்தலைச் செய்வது மதுவம் என்ற உயிர் என்பது அவருக்குத் தெரியாது. அதைப் பஸ்தர் காட்டுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

சீனி அப்போது மலிவான பொருள் அல்ல. கரும்புச் சீனி, கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் வந்தது. பிரான்சின் பெரிய சீனித் தீவான சென் டொமிங்கில் 1791இல் அடிமைகள் எழுந்தார்கள், 1804இல் ஹெயிட்டி என்று சுதந்திரம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு நெப்போலியன் பிரித்தானியப் பொருட்களுக்குத் தடை போட, பிரித்தானியா கடலை மறிக்க, பிரான்சில் சீனி அபூர்வமாகிவிட்டது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடித்த, பனங்களியால் உடுப்புத் தோய்த்த எங்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஷப்தால் 1804இலேயே அமைச்சர் பதவியை விட்டுவிட்டார். லுவார் ஆற்றங்கரைப் பக்கம் ஷான்தலூப் என்ற பழைய மாளிகையையும் நிலத்தையும் வாங்கியிருந்தார். அங்கே செம்மறி வளர்த்தார். பீற்றூட் பயிரிட்டுச் சீனி காய்ச்சினார். 1811இல் 32,000 ஹெக்டெயரில் பீற்றூட் பயிரிட நெப்போலியன் ஆணையிட்டபோது, அந்தத் தொழிலைச் சொந்த நிலத்தில் செய்து பார்த்துச் சொல்லக்கூடியவர்களில் ஷப்தால் முக்கியமானவர். யுத்தம் முடிந்து கப்பல்கள் திரும்ப ஓடத் தொடங்கியதும் பல பீற்றூட் ஆலைகள் படுத்துவிட்டன. அவர் விடவில்லை. அந்த நூற்றாண்டின் போக்கில் பீற்றூட் சீனி மலிந்தது.

அவர் நினைத்திராத இடத்தில் இரண்டும் சந்தித்தன. சீனி விலையாக இருந்த காலத்தில், தேவைக்கு மேல் போட யாருக்கும் கை வராது. மலிந்த பிறகு காத்திருக்கவே தேவையில்லாமல் போனது. பச்சையாய் ஆய்ந்து சீனியைக் கொட்டலாம். பிழிந்த சக்கைக்குத் தண்ணீரும் சீனியும் விட்டு இன்னொரு தரம் நொதிக்க வைக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேர்ப்பூச்சி ஒன்று பிரான்சின் கொடிகளை அழித்தபோது இந்தக் கள்ள வைன் பெருகியது. கொடிகள் திரும்ப வந்தபின்னும் நிற்கவில்லை. விலை விழுந்தது.

இதில் அதிகம் அடிபட்டது வெயில் போதிய, சீனி தேவைப்படாத லங்குடொக் கமக்காரர்தான். 1907 ஜூன் 9ஆம் திகதி மொண்ட்பெலியேயில் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டு, இயற்கை வைனைக் காப்பாற்று, சீனி மோசடியை நிறுத்து என்று கேட்டார்கள். ஷப்தால் படிப்பித்த அதே நகரம். பத்து நாள் கழித்து நார்போன் நகரில் இராணுவம் சுட்டு ஆட்கள் இறந்தார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளைக் கொண்ட 17ஆவது படைப்பிரிவின் சிப்பாய்கள் ஆயுதத்தோடு கிளம்பி மக்கள் பக்கம் போனார்கள். ஜூன் 29ஆம் திகதி வைனுக்குச் சேர்க்கும் சீனிக்கு வரியும் கட்டுப்பாடும் விதிக்கும் சட்டம் வந்தது. ஐரோப்பாவில் இன்று குளிர்ப் பிரதேசங்களில் அளவோடு சேர்க்கலாம், வெயில் பிரதேசங்களிற் பெரும்பாலும் கூடாது.

இதற்கு ஷப்தாலைக் குற்றம் சொல்வது நியாயமா என்று நான் கனக்க யோசித்தேன். காத்திருந்தும் கிடைக்காதவனுக்குத்தான் அவர் சீனியைக் கொடுத்தார். ஆனால் அமைச்சராக இருந்தவருக்கு, அவசரப்படுகிறவன் ஏன் அவசரப்படுகிறான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். களவு, கடன், படைக்கு ஆள் பிடிப்பு, நாளை என்ன நடக்குமென்ற பயம். நூலில் இவற்றுக்கு மருந்து இல்லை. சீனிக்கு அளவு இருக்கிறது.

அவருடைய கடைசிக் காலம் நன்றாக அமையவில்லை. மகனின் வியாபாரம் நொடித்துப்போக, கடனை அடைக்கத் தந்தையின் சொத்துப் போனது. 1823இல் ஷான்தலூப்பை விற்றார். வாங்கியவர்கள் மாளிகையை இடித்துக் கல்லாக விற்றுவிட்டார்கள். முந்திய பிரபு ஒருவர் கட்டிய ஏழு தட்டுக் கோபுரம் ஒன்று மட்டும் குளத்தங்கரையில் தனியே நிற்கிறது. அதே ஆண்டில்தான் கமத்தொழிலுக்கான இரசாயனம் பற்றிய அவருடைய நூலும் வந்தது, நிலம் கையை விட்டுப்போன ஆண்டில். 1832 ஜூலை 30ஆம் திகதி பாரிஸில் இறந்தார். ஐபல் கோபுரத்தில் பொறித்திருக்கும் 72 பெயர்களில் அவருடையதும் ஒன்று.

இதையெல்லாம் மாமாவுக்குத் தொலைபேசியில் சொல்ல முக்கால் மணித்தியாலம் எடுத்தது. அவர் வெடிமருந்துப் பகுதியைத்தான் இரண்டு தரம் கேட்டார். பிறகு, ஷம்பாஞ்சில் காத்திருந்த அந்த மூன்று நாளுக்கும் அப்ப ஒரு காரணம் இருந்திருக்கு என்று சொல்லிச் சிரித்தார்.

1996இல் நாங்கள் திரும்பி வந்தபோது பந்தலின் கம்பி போயிருந்தது. தூண்கள் நின்றன. கனகாலம் அதில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டோம். நாலு வருடத்துக்கு முன் அம்மா திரும்பவும் இரண்டு தடி நட்டார். எங்கள் மண்ணில் கொடிக்குக் குளிர்கால உறக்கம் இல்லை, வெட்டி விட்டால் வருடத்தில் இரண்டு தரம் காய்க்கும். கூடுதலாகப் போவது அணிலுக்கும் வௌவாலுக்கும்தான், குலைகளுக்கு வலைப்பை கட்டியிருக்கிறார். போன கிழமை நான் போனபோது பழம் நல்ல கறுப்பு. ஒன்றைப் பிடுங்கப் போனேன். கழலவில்லை, காம்போடு இழுபட்டது. காம்பு பச்சை. இன்னும் பத்து நாள் போகட்டும் என்று அம்மா குசினிக்குள் இருந்தபடி சொன்னார்.